“காலுக்குத்தானே பார்த்தோம்”: ஒரு நிமோனியா நோயாளியின் மூன்று மாதக் கணக்கு

கார்த்திகை பிறந்து நான்கைந்து நாள் இருக்கும். விட்டு விட்டு மழை. இரவு பதினொரு மணிக்கு மேல் மேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பெரியவரை 108 வண்டியில் கொண்டுவந்தார்கள். வயது 67. மூன்று நாளாகக் காய்ச்சல், பழுப்பு நிறச் சளி, அன்று சாயங்காலத்திலிருந்து மூச்சு வாங்குகிறது. பெரியாறு கால்வாய்ப் பாசனத்தில் கொஞ்சம் நெல் போட்டிருக்கிறவர். சர்க்கரை நோய்க்கு 15 வருடமாக மாத்திரை. பீடியை விட்டு ஐந்து வருடமாகிவிட்டது. அது கொடுத்த இளைப்புக்கு இன்ஹேலர் இழுக்கிறார்.

அவர் பிழைத்துக்கொண்டார், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் முதல் ஒன்றரை நாள் நாங்கள் கொடுத்த ஆன்டிபயாடிக் அவருக்கு வேலை செய்யவில்லை. வேலை செய்யாமல் போகலாம் என்று முதல் இரவே சந்தேகப்பட்டிருக்கலாம். அதற்கு வேண்டிய தகவல் முழுவதும் அவர் மனைவி மடியில் வைத்திருந்த மஞ்சள் பைக்குள் இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். குடும்பத்தாரிடம் சம்மதம் வாங்கியிருக்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன்.

முதல் இரவு

அன்று பணியில் இருந்தவர் இளம் டாக்டர், நல்ல கவனமானவர். காய்ச்சல் 102.4, நாடித்துடிப்பு 118, மூச்சு நிமிடத்துக்கு 32, ரத்த அழுத்தம் 104/66, ஆக்சிஜன் அளவு 86%. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதி வெள்ளையாக அடைத்துக் கிடந்தது. வெள்ளணுக்கள் 18,400, யூரியா 52, கிரியேட்டினின் 1.3, சர்க்கரை 318. நிமோனியாவின் தீவிரத்தை அளக்கும் கர்ப்-65 கணக்கில் வயதுக்கு ஒன்று, மூச்சு வேகத்துக்கு ஒன்று, யூரியாவுக்கு ஒன்று என்று மூன்று புள்ளி வருகிறது. தீவிர நிமோனியா.

அப்புறம் டாக்டர் பெரியவரின் மனைவியிடம் வழக்கமான இரண்டு கேள்விகளைக் கேட்டார்.

“இதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கீங்களாம்மா?”

“இல்ல டாக்டரம்மா. நெஞ்சுச்சளின்னு அவுக ஆஸ்பத்திரி வாசப்படி மிதிச்சதே இல்ல.”

“ஆன்டிபயாடிக் ஏதாவது சாப்பிட்டாரா?”

“சர்க்கரை மாத்திரைதேன் சாப்பிடுவாக.”

கேஸ் ஷீட்டில் ‘சமீபத்தில் உள்நோயாளியாக இருந்ததில்லை, ஆன்டிபயாடிக் எடுத்ததில்லை’ என்று ஏறியது. அந்தக் குறிப்பின்படி பார்த்தால் செப்ட்ரியாக்சோன், அசித்ரோமைசின் என்ற இரண்டு ஆன்டிபயாடிக்கும் சரியான தேர்வு. வீட்டிலிருந்தே வந்த, வேறு ஆபத்துக் காரணி இல்லாத தீவிர நிமோனியாவுக்கு பல வழிகாட்டுதல்களில் சொல்லப்படுவதும் அதுதான். மறுநாள் காலை ரவுண்ட்ஸில் நானும் அந்த வரியைப் படித்தேன், நம்பினேன், அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். அம்மாவிடம் இன்னொரு முறை கேட்டிருக்க வேண்டியது என் வேலை.

அந்த டாக்டர் ஒரு காரியம் செய்திருந்தார். முதல் ஊசி போடுவதற்கு முன்பே கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, சளியும் இரண்டு கையிலிருந்து ரத்தமும் எடுத்து வைத்துவிட்டார். நடு ராத்திரியில் மூச்சு வாங்கும் ஒரு மனிதரை உட்காரவைத்து, வாய் கொப்பளிக்கச் சொல்லி, எச்சிலாக இல்லாமல் ஆழத்திலிருந்து இருமித் துப்பவைப்பது லேசான வேலை இல்லை. ‘காலையில் எடுத்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடத்தான் எல்லாருக்கும் தோன்றும். முதல் டோஸ் உள்ளே போய்விட்டால் கல்ச்சரின் மதிப்பு மளமளவென்று குறைந்துவிடும்.

பை

இரண்டாம் இரவு காய்ச்சல் 103. ஆக்சிஜன் நான்கு லிட்டரிலிருந்து எட்டுக்குப் போனது. பெரியவர் நிதானம் தப்பி, “மடையைத் திறந்துவிட்டாச்சா, மடையைத் திறந்துவிட்டாச்சா” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

விடிந்ததும் வார்டு சிஸ்டர், சர்க்கரை மாத்திரையின் பெயரைக் குறித்துக்கொள்வதற்காக “அந்த மாத்திரையக் கொஞ்சம் காட்டுங்கம்மா” என்றார். அம்மா மஞ்சள் பையை அப்படியே கட்டிலோர மேசையில் கவிழ்த்தார். ஆதார் நகல், காப்பீட்டு அட்டை, ஒரு விபூதிப் பொட்டலம், சர்க்கரை மாத்திரை அட்டைகள். அவற்றோடு மூன்றும் காலியான அசித்ரோமைசின் 500 அட்டை. பத்தில் ஆறு பிதுக்கி எடுத்த செபிக்சிம் 200 அட்டை. பான்டோபிரசோல் என்ற அமிலம் குறைக்கும் மாத்திரை. பாதி தீர்ந்த பீட்டாடைன் பாட்டில், காஸ் துணிச் சுருள். அடியில், எட்டாக மடித்து மடிப்பில் கிழிந்துபோன ஒரு டிஸ்சார்ஜ் சுருக்கம்.

அதில் இருந்தது இவ்வளவுதான்: இடது குதிகாலில் முள் குத்திச் சீழ் பிடித்த புண். கீறிச் சுத்தம் செய்யப்பட்டது. ஐந்து நாள் உள்நோயாளி. செப்ட்ரியாக்சோன் ஊசி தினம் இரு வேளை. தேதி பார்த்தால் வீட்டுக்குப் போய் 45 நாள் ஆகியிருந்தது.

சிஸ்டர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் அம்மாவிடம் கேட்டேன்.

“ஏம்மா, அஞ்சு நாள் ஆஸ்பத்திரி பெட்டுல இருந்திருக்காரே?”

“ஆமா. ஆயுத பூசைக்கு அங்கனதேன் இருந்தோம். கருவ முள்ளு குத்திப் புண்ணாயிருச்சு. அது காலுக்குத்தானே பார்த்தோம்? நீங்க நெஞ்சுக்குத்தானே கேட்டீக?”

அந்த அம்மா சொன்னதில் தப்பே கிடையாது. புருஷனுக்கு நெஞ்சில் நோய். நெஞ்சைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று நினைத்து அதற்குச் சரியான பதில் சொல்லியிருக்கிறார். ‘ஆன்டிபயாடிக்’ என்ற வார்த்தைக்கும் அவர் பையில் இருந்த அட்டைக்கும் சம்பந்தம் உண்டென்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. அவருக்கு அது “சளி மாத்திரை”.

காய்ச்சலுக்கு முந்தின வாரம் லேசான சளிக்கு மருந்துக் கடையில் முதலில் அசித்ரோமைசின், அது கேட்கவில்லை என்று செபிக்சிம் வாங்கியிருக்கிறார்கள். சீட்டு கிடையாது. செபிக்சிம் என்ற ஆன்டிபயாடிக், மருந்து விதிகளின் எச்1 பட்டியலில் இருக்கும் மருந்து. 2014 மார்ச் 1 முதல் அந்தப் பட்டியலில் உள்ளவற்றைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அட்டையில் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கையும் அச்சாகியிருக்கிறது. அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது எனக்கு வந்த ஆற்றாமையை இங்கே முழுக்கக் கொட்டப் போவதில்லை. கடைக்காரரும் அந்த ஊரில் ராத்திரி எட்டு மணிக்கு வேறு கதி இல்லாதவர்களுக்குத்தான் அதை எடுத்துக் கொடுத்திருப்பார். ஆனாலும் அந்த ஆறு மாத்திரைக்கு விலை கொடுத்தவர் இந்தப் பெரியவர்.

ஆய்வகத்திலிருந்து வந்த போன்

பை கவிழ்ந்த அரை மணி நேரத்தில் நுண்ணுயிர் ஆய்வகத்தைக் கூப்பிட்டேன். சளி நல்ல மாதிரிதான்: குறைந்த உருப்பெருக்கப் பார்வையில் சீழணுக்கள் 25-க்கு மேல், வாய்த் தோல் செல்கள் 10-க்கும் கீழே. கிராம் சாயம் ஏற்றிப் பார்த்ததில் தடித்த, கோல் வடிவ கிராம்-நெகட்டிவ் கிருமிகள். முந்தின நாள் காலையில் தட்டில் போட்டது இப்போது முளைத்திருந்தது. நேரில் போய்ப் பார்த்தேன். மெக்காங்கி என்ற கிருமி வளர்க்கும் தட்டில் இளஞ்சிவப்பாக, கொழகொழவென்று, ஒன்றோடொன்று ஓடிச் சேர்ந்த கூட்டங்கள். கம்பி வளையத்தால் தொட்டுத் தூக்கினால் அதிரசத்துக்கு வைத்த வெல்லப்பாகு போல இழுபட்டு வந்தது. கிளெப்சியெல்லாவாக இருக்கலாம் என்று நுண்ணுயிரியல் டாக்டர் சொன்னார். எந்த மருந்துக்குக் கேட்கும் என்று தெரிய இன்னும் ஒரு நாள் ஆகும்.

ஒரு நாள் காத்திருக்கும் நிலையில் அவர் இல்லை. செப்ட்ரியாக்சோனை நிறுத்தி, அதைவிட வலுவான மெரோபெனம் 1 கிராம் எட்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் தொடங்கினோம். கிராம் சாயத்தில் கொத்துக் கொத்தான காக்கஸ் என்ற உருண்டைக் கிருமிகள் இல்லை, மூக்குச் சளி சோதனையிலும் எம்.ஆர்.எஸ்.ஏ. (மெதிசிலினுக்கு மசியாத ஸ்டாபிலோகாக்கஸ்) இல்லை. அதனால் அதற்கான வான்கோமைசின் சேர்க்கவில்லை.

மறுநாள் முடிவு வந்தது. கிளெப்சியெல்லா நிமோனியே. செப்ட்ரியாக்சோன், செபிக்சிம் எதற்கும் கேட்காது. தட்டில் வைத்த செப்டாசிடிம் மருந்து வட்டைச் சுற்றி, கிருமி வளராமல் இருந்த தெளிவளையத்தைவிட, கிளாவுலனேட் சேர்த்த வட்டைச் சுற்றி இருந்தது 5 மி.மீ.க்கும் மேல் பெரிதாக இருந்தது. அதாவது ஈ.எஸ்.பி.எல். என்ற என்சைமைச் சுரக்கும் வகை, செப்ட்ரியாக்சோன், செபிக்சிம் போன்ற செபலோஸ்போரின் மருந்துகளை உடைத்துப்போட்டுவிடும். மெரோபெனமுக்கும் அமிகாசினுக்கும் கேட்டது. பிப்பராசிலின்-டாசோபேக்டம் என்ற இன்னோர் ஆன்டிபயாடிக்குக்கும் காகிதத்தில் ‘கேட்கும்’ என்றே இருந்தது. அதற்கு மாறலாமா என்று பயிற்சி டாக்டர் ஒருவர் கேட்டார். 2018-இல் வந்த மெரினோ ஆய்வு ரத்தத்தில் பரவிய இதே வகைக் கிருமிகளைப் பற்றியது. பிப்பராசிலின்-டாசோபேக்டம் வாங்கியவர்களில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 12.3%, மெரோபெனம் வாங்கியவர்களில் 3.7%. இவருக்கு ரத்த கல்ச்சரில் எதுவும் வளரவில்லை, ஆகவே அந்த ஆய்வு இவருக்கு அச்சாகப் பொருந்தாது. ஆனாலும் எட்டு லிட்டர் ஆக்சிஜனில் இருக்கிறவரிடம் அந்தப் பரீட்சை வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியது. ஆறாம் நாள் இரண்டு லிட்டர் ஆக்சிஜன் போதும் என்றானது. மெரோபெனம் மொத்தம் ஏழு நாள். பத்தாம் நாள் நடந்து வீட்டுக்குப் போனார்.

இடையில் இரண்டு நோய்களை விலக்க வேண்டியிருந்தது. காசநோயை நம் ஊரில் எந்த நிமோனியாவிலும் மறக்க முடியாது. முதல் நாளே சளியில் சிபிநாட் என்ற காசநோய்க் கிருமியின் மரபணுச் சோதனை பார்த்தோம், இல்லை. இந்தக் காரணத்தால்தான் எடுத்தவுடன் லீவோபிளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுப்பதை நான் தவிர்க்கிறேன். காசநோயை அது பாதி அமுக்கி மறைத்துவிடும், கண்டுபிடிப்பது தள்ளிப்போகும். இன்னொன்று மெலியாய்டோசிஸ். சேற்றில் இறங்குகிற சர்க்கரை நோயாளி, மழைக்காலம், நிமோனியா என்று மூன்றும் சேர்ந்தால் ஆய்வகத்துக்கு ஒரு வார்த்தை சொல்லிவைப்பது அவசியம். மண்ணிலும் நீரிலும் வாழும் அந்தக் கிருமியைச் சூடோமோனாஸ் என்றோ, அசுத்தத்தால் வந்தது என்றோ நினைத்துத் தள்ளிவிட வாய்ப்பு உண்டு. ஜென்டாமைசினும் கோலிஸ்டினும் கேட்காமல், அமாக்சிசிலின்-கிளாவுலனேட் கேட்கிறது என்று ஓர் அறிக்கை வந்தால் உடனே அதை நினைக்க வேண்டும். இவருக்கு அது இல்லை.

யாரைச் சந்தேகிப்பது

நிமோனியா எவ்வளவு தீவிரம் என்பது ஒரு கேள்வி. கிருமி மருந்துக்குக் கேட்குமா என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதை அடிக்கடி பார்க்கிறேன். கர்ப்-65 முதல் கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும். மூச்சுத் திணறி வந்த இருபது வயதுப் பையனுக்கு சாதாரண நியூமோகாக்கஸ் இருக்கலாம். லேசான காய்ச்சலோடு வந்த பாட்டிக்கு எதற்கும் மசியாத கிருமி இருக்கலாம்.

இரண்டாவது கேள்விக்கு 2005-இல் அமெரிக்க வழிகாட்டுதல் ஒரு விடை சொன்னது. கடந்த 90 நாளில் இரண்டு நாளோ அதற்கு மேலோ மருத்துவமனையில் இருந்தவர், முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருப்பவர், டயாலிசிஸ் செய்துகொள்பவர், வீட்டில் ஊசி மருந்தோ புண் சிகிச்சையோ பெறுபவர் எல்லாரையும் ஒரே வகையில் அடைத்து, எல்லாருக்கும் பெரிய மருந்து, அதாவது சாதாரண மருந்துக்கு மசியாத கிருமிகளையும் கொல்லும் ஆன்டிபயாடிக், என்றது. நடைமுறையில் அந்த வலை மிகப் பெரிதாகப் போனது. பலருக்குத் தேவையில்லாமல் பெரிய மருந்து போனது, அதனால் பிழைத்தவர்கள் கூடவும் இல்லை. 2016-இல் அந்த வகை மருத்துவமனை நிமோனியா வழிகாட்டுதலிலிருந்து நீங்கியது. 2019-இல் அதைக் கைவிடச் சொல்லியே எழுதிவிட்டார்கள். இப்போது முக்கியமாகப் பார்க்கச் சொல்வது இரண்டு: முன்பு இதே நோயாளியிடம் மருந்துக்கு மசியாத எதிர்ப்புக் கிருமி கண்டுபிடிக்கப்பட்டதா, கடந்த 90 நாளில் உள்நோயாளியாக இருந்து ஊசி வழியாக ஆன்டிபயாடிக் வாங்கினாரா. தீவிர நிமோனியாவோடு இந்த இரண்டாவதும் இருந்தால் பெரிய மருந்தில் தொடங்கி, கல்ச்சர் எடுத்து, 48 மணி நேரத்தில் எதுவும் வளராமல் நோயாளியும் தேறினால் மருந்தைக் குறைக்க வேண்டும். நம் பெரியவருக்கு இரண்டாவது நிபந்தனை முழுசாகப் பொருந்தியது. எங்களுக்குத் தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான்.

எதிர்ப்புக் கிருமி இருக்குமா என்று கணிக்க 2016-இல் வெளியான டிரிப் மதிப்பெண்ணும் எனக்குப் பிடித்த கருவி. நாம் கையில் ஏற்றும் ட்ரிப்ஸுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. 60 நாளுக்குள் ஆன்டிபயாடிக், பராமரிப்பு இல்லத்தில் வசிப்பு, குழாய் வழி உணவு, ஒரு வருடத்துக்குள் எதிர்ப்புக் கிருமித் தொற்று ஆகிய நான்கும் தலா இரண்டு புள்ளி. 60 நாளுக்குள் மருத்துவமனை, நாள்பட்ட நுரையீரல் நோய், நடமாட்டம் குறைவு, அமிலம் குறைக்கும் மாத்திரை, புண்ணுக்குக் கட்டு, எம்.ஆர்.எஸ்.ஏ. ஒட்டியிருத்தல் ஆகியவை தலா ஒன்று. நான்கு வந்தால் சந்தேகப்பட வேண்டும். பையில் இருந்ததை வைத்து இவருக்குக் கூட்டிப் பார்த்தேன்: ஆன்டிபயாடிக்குக்கு 2, மருத்துவமனைக்கு 1, இளைப்புக்கு 1, பான்டோபிரசோலுக்கு 1, குதிகால் கட்டுக்கு 1. ஆறு. பையைப் பார்க்காமல் முதல் இரவு கூட்டியிருந்தால் இளைப்புக்கு ஒன்று மட்டுமே கிடைத்திருக்கும்.

இந்தப் புள்ளிகளுக்குப் பின்னால் இருக்கும் காரணம் எளிது. ஆன்டிபயாடிக் உள்ளே போகும்போது தொண்டையிலும் குடலிலும் உள்ள சாதுவான கிருமிகள் செத்துப்போகின்றன. அந்த இடத்தில் மருந்துக்கு மசியாதவை குடியேறுகின்றன. இரைப்பை அமிலத்தை மாத்திரையால் குறைத்துவிட்டால் அவை மேலே ஏறி வரவும் தடை குறைகிறது. சர்க்கரை நோயும் முதுமையும் சேர்ந்தவர்களின் தொண்டையில் இவை இன்னும் சுலபமாகத் தங்கும். தூக்கத்தில் எல்லாருக்குமே கொஞ்சம் எச்சில் நுரையீரலுக்குள் இறங்கும். அன்று தொண்டையில் யார் குடியிருக்கிறார்களோ அவர்களே நிமோனியாவை உண்டாக்குகிறார்கள். காலுக்குப் போட்ட ஊசி நெஞ்சு நோயின் குணத்தை மாற்றியது இப்படித்தான்.

ஆனால் இந்தக் கருவிகளை நம் ஊருக்கு அப்படியே தூக்கிக்கொண்டு வரக்கூடாது. ‘நர்சிங் ஹோம்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கத் தாளில் அது முதியோர் நிரந்தரமாகத் தங்கிப் பராமரிப்புப் பெறும் இடம். மதுரையில் நர்சிங் ஹோம் என்றால் பத்துப் பதினைந்து கட்டில் உள்ள சின்ன ஆஸ்பத்திரி. பயிற்சி டாக்டர்கள் இதில் தடுமாறி, தப்பான கட்டத்தில் புள்ளி போடுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தாள் சொல்லும் ஆட்கள் நம்மிடம் பெரும்பாலும் இல்லங்களில் இல்லை. பக்கவாதம் வந்து, மூக்கில் குழாயோடு, வீட்டுப் பின்கட்டில் மருமகள் பார்த்துக்கொள்ளப் படுத்திருக்கிறார்கள். அவர்களை அந்தக் கட்டத்தில் வைத்துத்தான் நான் எண்ணுகிறேன். அமெரிக்காவில் பெரும் பயம் எம்.ஆர்.எஸ்.ஏ.வும் சூடோமோனாஸும். இங்கே ஈ.எஸ்.பி.எல். கிளெப்சியெல்லாவை அவற்றுக்கு முன்னால் நினைக்கிறேன்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். அதே மாதத்தில் டயாலிசிஸ் நோயாளி ஒருவர் நிமோனியாவோடு வந்தார். 2005 கணக்குப்படி அவருக்குப் பெரிய மருந்துதான். கடந்த மூன்று மாதத்தைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டோம். டயாலிசிஸ் தவிர எங்கும் படுக்கவில்லை, ஆன்டிபயாடிக் இல்லை, முந்தைய கல்ச்சரிலும் எதுவும் இல்லை. கல்ச்சருக்கு எடுத்துவிட்டு செப்ட்ரியாக்சோனிலேயே வைத்தோம். நியூமோகாக்கஸ் வளர்ந்தது, பென்சிலினுக்குக் கேட்டது, ஐந்தாம் நாள் தேறிவிட்டார். பயத்தில் அவருக்கு மெரோபெனம் போட்டிருந்தால், அடுத்த முறை அவர் வரும்போது மெரோபெனமே கேட்காத கிருமியோடு வந்திருக்கலாம். மெரோபெனமையும் உடைக்கும் என்.டி.எம். என்சைம் 2009-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது நம் நாட்டில் சிகிச்சை பெற்றுப் போன ஒருவரிடமிருந்துதான். 2012-இல், ஆன்டிபயாடிக் எதிர்ப்பைத் தடுக்க மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து எழுதிய சென்னைப் பிரகடனம் வந்ததும் அந்தக் கவலையில்தான். அதற்கப்புறம் நம் கையில் மிஞ்சுபவை கோலிஸ்டின் போல ஓரிரண்டே.

இப்போது கேட்கும் விதம்

இந்த நிகழ்வுக்குப் பிறகு சேர்க்கைத் தாளில் இருந்த வரியை அடித்துவிட்டு, அம்மாக்கள் பேசுகிற மொழியில் மாற்றி எழுதினோம். “மூணு மாசத்துல எதுக்காச்சும் எங்கயாச்சும் பெட்டுல இருந்தீங்களா? காலு, கையி, பல்லு, கண்ணு, பிரசவம், எதுவா இருந்தாலும் சொல்லுங்க. ட்ரிப்ஸ் ஏத்துனாங்களா? ஊசி போட்டாங்களா? சளிக்கு, வயித்துக்கு, ஒண்ணுக்குக் கடுக்குதுன்னு கடையில மாத்திரை வாங்குனீங்களா?” மூன்று மாதம் என்றால் பலருக்குப் பிடிபடாது. ஆடிப் பெருக்குக்கு முன்னாலா பின்னாலா, தீபாவளிக்கா, அழகர் ஆற்றில் இறங்கியபோதா என்று கேட்டால் நாள் தப்பாமல் சொல்கிறார்கள். கேள்வியை நோயாளியிடம் ஒரு தரம், கூட வந்தவரிடம் ஒரு தரம், மறுநாள் காலையில் இன்னொரு தரம் கேட்கிறோம். மகன் ராத்திரி கொண்டுவந்து சேர்த்துவிட்டுப் போவான். மாத்திரை எடுத்துக் கொடுக்கிற மகள் காலையில்தான் வருவாள்.

அப்புறம், “பையைக் கொஞ்சம் காட்டுங்க” என்பது தாளின் கடைசி வரி. இதைச் சிஸ்டர்கள் பொறுப்பில் விட்டிருக்கிறேன். எங்களைவிட அவர்கள் கேட்டால் பை சீக்கிரம் திறக்கிறது.

பெரியவர் ஆறு வாரம் கழித்து மறு எக்ஸ்ரேவுக்கு வந்தார். நுரையீரல் தெளிந்திருந்தது, குதிகால் புண் ஆறியிருந்தது. தை அறுப்பைப் பற்றிப் பேசினார். நான் அவருடைய டிஸ்சார்ஜ் தாளின் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் தமிழில் எழுதினேன்: “ஈ.எஸ்.பி.எல். கிளெப்சியெல்லா, சளியில். செப்ட்ரியாக்சோன், செபிக்சிம் கேட்கவில்லை. ஒரு வருடத்துக்குள் எந்தக் காய்ச்சல் வந்தாலும் இதைக் காட்டவும்.” கீழே தேதி.

அம்மா அதை வாங்கி, எட்டாக மடிக்கப் போனார். மடிக்காமல் வைத்துக்கொள்ளச் சொல்லி ஒரு பிளாஸ்டிக் உறை கொடுத்தேன். உறையோடு மஞ்சள் பைக்குள் வைத்துவிட்டுக் கேட்டார்:

“தம்பி, தை கழிச்சு இவுகளுக்குக் கண்ணு ஆப்பரேசன் சொல்லியிருக்காக. அங்கயும் இதக் காட்டணுமா?”

“காட்டணும்மா. கண்ணுக்குப் போனாலும் காட்டணும்.”